உணவுப் பொருள்களின் கால எல்லையும் குளிர்சாதனப் பெட்டியும்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களைக் கூறும் சமண நூல்கள் யாவும் உணவைக் குறித்து விரிவாகப் பேசுகின்றன. எதனை உண்ணலாம், எதனை விலக்க வேண்டும் என்று கூறுவதோடு நம் ஆசாரியர்கள் நின்றுவிடவில்லை. உண்ணத்தக்க பொருளும் எத்துணைக் காலம் வரை உண்ணத்தக்கதாக இருக்கும் என்பதனையும் மரபு வரையறுத்துள்ளது. இவ்வரையறைக்கு 'மரியாதை' என்று பெயர். எல்லை என்பதே இவ்வடசொல்லின் மூலப்பொருள்.

முற்காலத்தில் இவ்வெல்லையைக் காத்தல் அரிதாக இல்லை. பால் வீட்டுக் கொட்டிலிலேயே கறக்கப்பட்டது. மாவு வீட்டு எந்திரத்திலேயே அரைக்கப்பட்டது. இன்று நம் குடும்பங்களில் பல, சிற்றூர்களை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்துள்ளன. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. "பால் திரியவில்லை, மாவு புளிக்கவில்லை, பின்னர் எல்லை எதற்கு?" என்று இளையோர் வினவுகின்றனர். அவ்வினா நேர்மையானது. அதனைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை எதன் பொருட்டு?

உணவு கெடுவதால் உண்பவர்க்கு நோய் வரும் என்பது ஒரு காரணம். ஆயினும் அது இரண்டாவது காரணமே. உணவில் பிற உயிர்கள் தோன்றுகின்றன, அவ்வுணவை உண்பதால் அவை மாய்கின்றன என்பதே நம் அறம் கூறும் முதற்காரணம். ஈரமும் வெப்பமும் உள்ள பொருளில் காலம் செல்லச் செல்லக் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் பெருகும் என்பது ஆகமத்தின் கூற்று. நுண்ணோக்கி காட்டும் பாக்டீரியாவும் ஆகமம் கூறும் உயிரும் முற்றிலும் ஒன்றே என்று துணிந்து கூறுதல் முறையன்று. எனினும் ஈரம், வெப்பம், காலம் ஆகிய மூன்றும் கூடினால் உணவு உயிர்களின் உறைவிடமாகும் என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

மாவுக்கு வகுக்கப்பட்ட எல்லையை நோக்கினால் இது விளங்கும். மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்பது திகம்பர மரபில் பெரிதும் வழங்கும் கணக்கு. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி முதலியவற்றுக்கும் இதுவே அளவு. ஈரம் மிகுந்த பருவத்தில் எல்லை சுருங்குகிறது. ஈரமும் வெப்பமும் குறைந்த பருவத்தில் விரிகிறது.

இங்குத் தமிழ்நாட்டார் ஒன்றைக் கருத வேண்டும். மரபுக் கணக்கில் ஆடி மாத நந்தீசுவர விழாவை ஒட்டித் தொடங்கும் மழைக்காலம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி முடிந்து குளிர்காலம் பிறக்கிறது. இது தென்மேற்குப் பருவமழை பெய்யும் வடநாட்டுக்கு இயைந்த கணக்கு. நமக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே பெருமழை தருவது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் அடைமழை பெய்யும்போது 7 நாள் எல்லையைக் கொள்ளாமல், 3 நாள் எல்லையைக் கொள்வதே விதியின் உட்பொருளுக்கு ஏற்றது. எல்லையைச் சுருக்கிக் கொள்வதில் குற்றமில்லை.

குளிர் செய்வதும் செய்யாததும்

குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். அந்நிலையில் பெரும்பாலான நுண்ணுயிர்களின் பெருக்கம் மந்தமாகிறது, நின்றுவிடுவதில்லை. குளிரிலும் வளரவல்ல பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் உண்டு. மறந்துபோன எலுமிச்சம்பழத்தின் மேல் பெட்டிக்குள்ளேயே பசும்பூசணம் படர்வதை யாவரும் கண்டிருப்போம்.

பிரீசர் எனப்படும் உறைநிலைப் பகுதி சுழிக்குக் கீழ் 18 பாகை வரை குளிர்வது. அங்கே நுண்ணுயிர்ப் பெருக்கம் நின்றுவிடும். ஆயினும் அவற்றில் பல இறப்பதில்லை, ஒடுங்கிக் கிடக்கின்றன. பொருளை வெளியே எடுத்து உறைநிலை நீங்கியவுடன் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. மின்தடை நேர்ந்தால் பெட்டிக்குள்ளேயே அது நிகழும்.

மற்றொன்றும் உண்டு. குளிர்ந்த பொருளில் மணமும் சுவையும் மங்கித் தோன்றும். கெட்ட பொருளை நாவும் மூக்கும் காட்டிக்கொடுக்கும் என்பதே நமக்கு இயற்கை தந்த காவல். 'சலித ரசம்', அதாவது சுவை திரிந்த பொருள், விலக்கத்தக்கது என்னும் விதியும் அக்காவலைத் துணைக்கொண்டதே. குளிர் அக்காவலை உறங்கச் செய்கிறது. எனவே "கெட்டதாகத் தோன்றவில்லை" என்பது, எல்லை கடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பால், தயிர், வெண்ணெய், நெய்

கறந்த பாலை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், காய்ச்சிவிட வேண்டும். காய்ச்சிய பாலின் எல்லை 24 மணி நேரம். அப்பாலில் உறையிட்ட தயிருக்கும் 24 மணி நேரமே எல்லை.

பாக்கெட் பாலைப் பொறுத்தவரை அது கறந்த நேரம் நமக்குத் தெரியாது. பால் நிலையங்களில் 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர்விக்கின்றனர். இது நோய்க்கிருமிகளை அழிக்கப் போதுமானதேயன்றி, எல்லா நுண்ணுயிரையும் நீக்குவதன்று. ஆகவே பாக்கெட் பாலை வாங்கிப் பல நாள் பிரீசரில் அடுக்கி வைத்தல் தகாது. அன்றன்று வாங்கி, வந்தவுடன் காய்ச்சி, அந்நாளுக்குள் முடித்தல் இல்லறத்தார் கொள்ளத்தக்க குறைந்த அளவு நெறி. முனிவர்க்கும் ஆர்யிகைகளுக்கும் ஆகாரதானம் செய்வோர், கறக்கும் வேளை அறிந்த பாலையே பெறுதல் வேண்டும்.

பாலை உறைய வைப்பதால் வேறு இழப்பும் உண்டு. உறையும்போது அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விரிந்து உறையைக் கிழிக்கக்கூடும். உருகியபின் கொழுப்பு தனித்துத் திரளும். தயிரை உறையவைத்தால் நீர் பிரிந்து மணல்போல் ஆகும்.

வெண்ணெயை இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர், பயன் சிறிதாய் உயிர்க்கேடு பெரிதாய் உள்ள பொருள்களோடு சேர்த்து விலக்குகிறார். வெண்ணெய் திரண்ட ஒரு முகூர்த்தத்துக்குள் அதனை உருக்கி நெய்யாக்கிவிட வேண்டும் என்பது வழக்கு.

இங்கே நம் இல்லங்களில் பரவியுள்ள ஒரு பழக்கத்தை எடுத்துக்காட்ட வேண்டும். நாள்தோறும் பாலாடையை எடுத்துக் கிண்ணத்தில் சேர்த்துப் பிரீசரில் வைத்து, எட்டாம் நாளோ பத்தாம் நாளோ கடைந்து நெய் காய்ச்சுகின்றனர். இறுதியில் கிடைப்பது நெய்தான். ஆனால் முதல் நாள் ஆடை தன் எல்லையைப் பலமுறை கடந்துவிட்டது. எல்லை கடந்த பொருளை அடுப்பிலேற்றுவதால் அது தூயதாகிவிடாது; அதில் தோன்றிய உயிர்கள் தீயில் மாய்வதே நிகழும். இதற்கு மாற்று எளியது. ஆடையோடு கூடிய பாலை உறையிட்டு, மறுநாள் காலை கடைந்து, திரண்ட வெண்ணெய் சிறு உருண்டையே ஆயினும் உடனே உருக்கி, நெய்ப் பாத்திரத்தில் வடிகட்டிச் சேர்க்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி நெய் கிடைத்தாலும் அது குற்றமற்ற நெய்.

நெய்க்கு நாள் கணக்கில்லை. மணமும் சுவையும் நிறமும் மாறாதவரை அது உண்ணத்தக்கது. நன்கு காய்ச்சிய நெய்யில் நீர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. பாலின் சாரத்தை நெடுநாள் காப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி நெய்யே. அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.

பனிக்கட்டி

விலக்கத்தக்க 22 பொருள்களைக் கூறும் பட்டியலில் ஆலங்கட்டியும் உறைபனியும் இடம்பெற்றுள்ளன. "காய்ச்சி வடிகட்டிய நீரில் செய்த ஐஸ் ஆகுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. வடிகட்டிய நீரின் எல்லை 48 நிமிடம். நன்கு கொதிக்க வைத்த நீரின் எல்லை 24 மணி நேரம். பிரீசர்த் தட்டில் நாட்கணக்கில் கிடக்கும் கட்டி இவ்வெல்லைகளுக்குள் அடங்குவதில்லை. நீர் குளிர்ந்திருக்க மண்பானை போதும்.

தானியமும் பருப்பும்

அரிசி, ரவை, பருப்பு முதலியவற்றை வாங்கியவுடன் சில நாள் பிரீசரில் வைத்தால் வண்டு பிடிக்காது என்று இக்காலச் சமையற்குறிப்புகள் கூறுகின்றன. அது உண்மையே. ஆனால் ஏன் பிடிப்பதில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரிசி வண்டு மணியைத் துளைத்து அதனுள் முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது வண்டாகி வெளிவரும். உறைகுளிர், மணிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் கொன்றுவிடுகிறது. கொல்லப்பட்ட உடல் அரிசியோடு உலையில் வேகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வதால் இது கொலை அன்று என்று ஆகிவிடாது. பிறர் இதனைச் சேமிப்பு முறை என்பர். சிராவகர்க்கு இது உயிர்க்கொலையோடு கூடிய செயல். இதனை அறிந்து விலக்க வேண்டும்.

நமக்குரிய வழி, உயிர் தோன்றியபின் கொல்வதன்று, தோன்றாதவாறு காப்பது. புதிய தானியத்தைப் புடைத்து, பொறுக்கி, நன்கு உலர்த்தி, ஈரமற்ற கலத்தில் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். உலர்ந்த வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றின் நெடி பூச்சிகளை அணுகவிடாது. பயறு வண்டு முழுப்பயற்றின் மேல் முட்டையை ஒட்டி வைக்கும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இது அரிது. ஆதலின் துவரையைச் செம்மண் கட்டி உலர்த்தி உடைத்து வைத்த நம் பாட்டிமார் செயல் பொருளுடையது. தூய பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவி வைப்பதும் பயன் தரும். எல்லாவற்றினும் மேலாக, ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதிருத்தல் நன்று. மிகுதியாகச் சேர்த்து வைக்காமை அபரிக்கிரகமும் ஆகும்.

காவலையும் மீறி வண்டு கண்டால் கடுவெயிலில் கொட்டலாகாது. நிழலில் முறத்தில் மெல்லப் பரப்பினால் வண்டுகள் தாமே விலகிச் செல்லும். துளைபட்ட தானியம் உண்ணத்தக்கதன்று. உள்ளே உயிர் இருப்பதால் அதனைக் கோழிக்கோ குருவிக்கோ இடுவதும் ஆகாது. மிதிபடாத நிழலான இடத்தில் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

நேரமின்மைக்கு வழி

நேரமில்லை என்னும் குறை மெய்யானதே. அதனைத் தீர்க்கக் காலத்தை நீட்டுதல் ஒரு வழி. அளவைக் குறைத்தல் மற்றொரு வழி. முதலாவதைக் குளிர்சாதனப் பெட்டி செய்கிறது. இரண்டாவதற்கு அதே சமையலறையில் உள்ள மிக்சி உதவுகிறது. ஓராண்டுக்குரிய மிளகாயையும் மல்லியையும் மாவு மில்லில் அரைத்து வைக்க வேண்டியதில்லை. அவற்றைப் பொறுக்கி உலர்த்தி முழுதாக வைத்துக்கொண்டு, எல்லைக்குள் தீரும் அளவு மட்டும் எடுத்து வறுத்து அரைக்கச் சில நிமிடங்களே ஆகும். மில்லில் பிறர் அரைத்த பூச்சி பிடித்த தானியம் கலக்கும் என்ற அச்சமும் நீங்கும்.

சோறு, பருப்பு, குழம்பு ஆகியவற்றுக்கு எல்லை இரண்டு சாமம், அதாவது 6 மணி நேரம். ஆகவே மீந்த சோறும் குழம்பும் குளிரில் வைத்து மறுநாள் சூடாக்கத்தக்கவை அல்ல. மீதமாகாத அளவில் சமைப்பதே வழி. இட்லி மாவைப் புளிக்கவிட்டு வாரம் முழுதும் வைத்துக்கொள்ளுதலும் சலித ரச விதிக்கு மாறானது. புளிக்காமல் அன்றே அரைத்து அன்றே வார்க்கும் அடைகள் பல உள்ளன.

அவ்வாறாயின் குளிர்சாதனப் பெட்டியே ஆகாதா எனின், அவ்வாறு கூறவில்லை. காய்ச்சிய பாலை அதன் எல்லைக்குள் திரியாமல் காக்கவும், காய்கனிகள் வாடாமல் இரண்டொரு நாள் வைக்கவும் அதனைப் பயன்படுத்தலாம். எல்லைக்குள் பொருளைக் காப்பதற்கு அது துணை. எல்லையைக் கடப்பதற்கு அது கருவியாகக் கூடாது. வைத்த நேரத்தைக் கலத்தின் மேல் குறித்து வைத்தல் நல்ல பழக்கம். சிந்திய உணவை உடனே துடைத்து, அடித்தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் எறும்பும் கரப்பானும் சேரா; அவற்றைக் கொல்ல நேரவும் செய்யாது.

நினைவிற்கொள்ளத்தக்க எல்லைகள்

வடிகட்டிய நீர்: 48 நிமிடம்.
கொதிக்க வைத்த நீர்: 24 மணி.
கறந்த பால், காய்ச்சும் வரை: 48 நிமிடம்.
காய்ச்சிய பால், அதில் உறைந்த தயிர்: 24 மணி.
வெண்ணெய், உருக்கும் வரை: 48 நிமிடம்.
சோறு, பருப்பு, குழம்பு: 6 மணி.
மாவு, பொடி வகைகள்: மழையில் 3, கோடையில் 5, குளிரில் 7 நாள்.
நெய், எண்ணெய்: மணமும் சுவையும் மாறாதவரை.

ஆசாரியர்களிடையே சிற்சில வேறுபாடுகள் உண்டு. விரதம் ஏற்றோர் தத்தம் குரு அருளிய அளவைக் கொள்க. அனைத்தையும் ஒரே நாளில் ஏற்க இயலாதோர், இவற்றுள் ஒன்றையேனும் இம்மாதம் தொடங்கலாம். பாலாடை சேர்க்கும் கிண்ணத்தைப் பிரீசரிலிருந்து எடுத்துவிடுதல் அதற்கு ஏற்ற தொடக்கம்.

சுவாத்தியாயத்துக்குரிய வினாக்கள்

1. மாவின் எல்லை பருவந்தோறும் வேறுபடுவது ஏன்?
2. பிரீசரில் வைத்து வண்டை ஒழிப்பதற்கும், உலர்த்தி வைத்து வண்டு வராமல் காப்பதற்கும் அற நோக்கில் என்ன வேறுபாடு?
3. எல்லை கடந்த ஆடையைக் காய்ச்சி நெய்யாக்கினால் குற்றம் நீங்குமா?
4. நம் இல்லத்தில் இன்று எல்லை கடந்து இருக்கும் பொருள்கள் யாவை?

நான்காம் வினாவுக்கு விடையைக் குடும்பத்தினர் அனைவரும் சமையலறையில் கூடி நின்று காண்பார்களாக.

அறம் வளர்க!