சிறுநீரகம் பெறுமுன் இருதயத்தை அறிதல்

அன்புள்ள மருமகனுக்கு,

களமருதூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பழுதுபட்டிருப்பது அப்பாவின் சிறுநீரகம், தன்னுடையதைக் கொடுக்க அம்மாவும் மனமொப்பி நிற்கிறாள், அப்படியிருக்க எக்கோ என்றும் ஆஞ்சியோ என்றும் சொல்லி டாக்டர்கள் இருதயத்தைத் துருவித் துருவிப் பார்ப்பது எதற்காக என்று கேட்டிருக்கிறாய். வாரம் மும்முறை டயாலிசிஸ் முடித்துத் துவண்டு திரும்பும் தகப்பனாரை, ஓய்வுக்கென்று எஞ்சிய நாட்களிலும் பஸ் ஏற்றி அழைத்துப் போகும் பிள்ளை இப்படிக் கேட்பது இயல்பே. ஆயினும் காரணத்தை அறிந்துகொண்டால் இதை வீண் அலைச்சலென்று கருதமாட்டாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

சிறுநீரகம் கெட்டால் கேடு அதனோடு நிற்பதில்லை. வெளியேற வேண்டிய நீரும் உப்பும் தேகத்தில் தங்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. இரத்தம் ஊறுவதற்கு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாயட்டின் என்ற சுரப்பு குறைந்து சோகை உண்டாகிறது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்தும், சோகையை ஈடுசெய்ய இரத்தத்தை விரைந்து செலுத்தியும் வருஷக்கணக்கில் உழைக்கும் இருதயத்தின் இடப்புறச் சுவர் தடித்து விறைத்துப் போகிறது. இதன்மேல், தேங்கிய பாஸ்பரஸ் காரணமாக இரத்தக் குழாய்களின் சுவர்களில் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நீண்டகாலம் டயாலிசிஸ் செய்துகொண்ட 39 நோயாளிகளைக் கவனித்து, அவர்களுடைய இரத்தக் குழாய்கள் வயதை முந்திக்கொண்டு முதுமையடைகின்றன என்று லிண்ட்னர் முதலியோர் 1974 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தனர். 1998 இல் வெளியான அமெரிக்கக் கணக்கொன்றோ, டயாலிசிஸில் இருக்கும் 30 வயது வாலிபருக்கு இருதய நோயால் நேரும் மரண அபாயம், பொது ஜனங்களில் 75 வயதைக் கடந்தவருக்குள்ள அபாயத்துக்கு ஈடானது என்று காட்டிற்று.

இத்தகைய இருதயத்தோடுதான் நோயாளி அறுவை மேஜையில் படுக்கிறார். மயக்க மருந்தைத் தாங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிய சிறுநீரகம் இணைக்கப்பட்ட கணத்திலிருந்து அதற்கு இரத்தம் குறைவின்றிப் பாயவேண்டும் என்பதற்காக இரத்தக் குழாய் வழியே தாராளமாக நீர் ஏற்றி, அழுத்தம் தாழாமல் காப்பார்கள். அந்த நீரையெல்லாம் ஏற்று உந்தும் வலிமை இருதயத்துக்கு இல்லையானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்; அழுத்தம் தாழ்ந்தாலோ என் தங்கையான உன் அம்மா ஈந்த சிறுநீரகமே வாடிவிடும். ஆகவே டாக்டர்கள் மாப்பிள்ளையின், அதாவது உன் அப்பாவின், இருதயத்தைச் சோதிப்பது அவளுடைய கொடையைக் காப்பதற்காகவும்தான்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு நாளும் வந்ததில்லையே" என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த வார்த்தைதான். சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் நரம்புகள் மரத்துப்போவதால், இருதயக் குழாய் அடைபட்டிருந்தும் வலி தெரியாதிருப்பதுண்டு. மூச்சு வாங்கினால் 'உடம்பில் நீர் ஏறிவிட்டது, அடுத்த டயாலிசிஸில் இறங்கிவிடும்' என்று வீட்டார் சமாதானம் அடைவதும், பல சமயங்களில் அது மெய்யாகவே இருந்துவிடுவதும் சேர்ந்து, இருதயம் விடுக்கும் எச்சரிக்கையை மறைத்துவிடுகின்றன. களத்துமேட்டுக்கு நடந்து போய்வந்தவர் இப்போது வாசல் திண்ணையோடு நின்றுவிட்டார் என்றால், அது களைப்பா, நீரா, இருதயமா என்று பரிசோதனையன்றி எவராலும் சொல்ல இயலாது.

இனிப் பரிசோதனைகளைக் கூறுகிறேன். இ.சி.ஜி. எல்லோருக்கும் எடுப்பார்கள். எக்கோவில் இருதயத்தின் சுவர், வால்வு, ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம் ஆகியவை புலப்படும். ஆனால் நீர் ஏறியிருக்கும் வேளையில் எடுத்தால் இருதயம் உள்ளதைவிட மோசமாகத் தோன்றக்கூடும் என்பதால், டயாலிசிஸ் முடிந்து எடை சரியான நிலையில் இருக்கும்போது எடுப்பதே உசிதம். டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்க்கும் சோதனை, கால் தளர்ந்த டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் பயன்படாது. அவர் வேண்டிய வேகத்தை எட்டுமுன்பே உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பதிலாக டோபுடமின் என்ற மருந்தைச் செலுத்தி, படுத்தபடியே இருதயத்தை வேகப்படுத்தி எக்கோவில் பார்ப்பார்கள். இருதயக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் வேண்டுவதில்லை. செய்வதாயின், டயாலிசிஸ் ஊசி போடும் ஃபிஸ்டுலா உள்ள கையையும், பிற்காலத்தில் ஃபிஸ்டுலா போட வேண்டிவரக்கூடிய கையையும் தவிர்த்துத் தொடை வழியே செய்ய இயலுமா என்று தயங்காமல் கேள். மணிக்கட்டு நாளம் பழுதுபட்டால் பின்னர் டயாலிசிஸுக்கு வழி சுருங்கிவிடும்.

அடைப்பு கண்டால் உடனே குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நீ எண்ணக்கூடும். வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். சிறுநீரக மாற்றுக்குக் காத்திருந்த 26 சர்க்கரை நோயாளிகளை வைத்து மான்ஸ்கி முதலியோர் நடத்தி 1992 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 10 பேர் கடும் நெஞ்சுவலி, மாரடைப்பு, மரணம் என்பவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர். அடைப்பு நீக்கப்பெற்ற 13 பேரில் இருவரே அவ்வாறாயினர். இச்சிறு ஆராய்ச்சியின் செல்வாக்கு பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் மருந்துகள் மேம்பட்டன. முற்றிய சிறுநீரக நோயும் இருதயத்தில் இரத்தக் குறைவும் கொண்ட 777 பேரை வைத்துப் பல தேசங்களில் நடத்தி, 2020 இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், முதலிலேயே ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்க முற்பட்டவர்களுக்கும், நல்ல மருந்துகளோடு நிதானித்தவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ வேற்றுமை காணப்படவில்லை. மூன்றாண்டுகளில் இரு சாராரிலும் ஏறத்தாழ 36 சதவீதத்தினர் இவற்றுக்கு ஆளாயினர். பக்கவாதமோ முதற்சாராருக்கே அதிகம். இருதயம் மிகவும் தளர்ந்தவர்களையும், அண்மையில் மாரடைப்பு கண்டவர்களையும் அதில் சேர்க்கவில்லையாதலால், அவர்களுக்கு இத்தீர்ப்பு பொருந்தாது. ஸ்டென்ட் வைத்தால் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் நிறுத்தலாகாது, அறுவையும் அதனால் தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வை. பரிசோதனையை மறுக்கவும் கூடாது, ஸ்டென்டை நாமே வற்புறுத்தவும் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். இருதயம் பலவீனம் என்று எக்கோ சொல்லிவிட்டால் மாற்று சிகிச்சையே கிடையாது என்பதில்லை. இருதயத்தின் வெளியேற்ற விகிதம் 40 சதவீதத்துக்கு மேற்படாத 103 பேருக்குச் சிறுநீரகம் மாற்றியபின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் கவனித்து 2005 இல் எழுதியதில், அவ்விகிதம் ஓராண்டில் சராசரி 32 இலிருந்து 52 ஆக உயர்ந்தது. சிறுநீரகம் திரும்ப, இருதயமும் திரும்பிற்று. டயாலிசிஸில் நீண்டகாலம் கழித்தவர்களுக்கே முன்னேற்றம் குறைவாயிருந்தது. ஆதலால் தாமதம் செய்வதுதான் தவறு.

உன் அப்பாவோடு டயாலிசிஸ் செய்துகொள்பவர் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருவதாகவும், கொடுப்பதற்கு உறவில் ஆளின்றி, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காகப் பெயர் பதிந்து காத்திருப்பதாகவும் எழுதினாய். அவ்வாறு உறுப்பு வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் 2008 முதல் நடக்கிறது. ஆனால் காத்திருப்பு வருஷங்களாக நீளலாமாகையால், பெயர் பதிந்த அன்று எடுத்த எக்கோவை நம்பி அவர் இருந்துவிடலாகாது. மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்கும்படி அவரிடம் சொல். மலையிலிருந்து வருபவரின் சிரமத்தைச் சொன்னால் ஒரே நாளில் பல சோதனைகளையும் முடித்துக்கொடுக்க டாக்டர்கள் இசையக்கூடும். சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, எவையெவை அங்கேயே முடியும் என்றும் விசாரித்துப் பார்.

அடுத்த முறை போகும்போது, ஒவ்வொரு டயாலிசிஸிலும் எழுதிய எடையும் இரத்த அழுத்தமும் அடங்கிய நோட்டையும், பழைய இ.சி.ஜி. தாள்களையும், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல். மாப்பிள்ளை சங்கோசி; "ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன்" என்றே டாக்டரிடம் சொல்வார். இரவில் தலையணையை உயர்த்தி வைத்து உறங்குகிறாரா, எத்தனை அடி நடந்தால் நிற்கிறார் என்பதை அவர் சொல்லாவிட்டால் நீ சொல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்