ஏமாறாமல் உணவுப்பொருள் வாங்கும் முறை

காசு கொடுத்து வாங்கிய உணவுப்பொருள் ஏமாற்றம் தருவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று கலப்படம். மற்றொன்றில் பொருள் சட்டப்படி சரியாகவே இருக்கும், வாங்கியவர் நினைத்துக்கொண்டது மட்டும் அதில் இருக்காது. கலப்படத்துக்குப் புகார் கொடுக்கலாம். இரண்டாவதற்குக் கடையிலேயே விழித்துக்கொள்வதுதான் வழி.

முதல் வேலை, பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பது. சேர்மானங்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. பாதாம் படம் போட்ட பால் பவுடரில் சர்க்கரை முதலில் இருந்தால், வாங்குவது பெரும்பாலும் சர்க்கரையைத்தான். படத்தில் பெரிதாகக் காட்டிய பொருள் எத்தனை சதவீதம் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். ஃபில்டர் காபித்தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். ஐஸ்கிரீம் என்று எடுத்த டப்பாவில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றிருந்தால், அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். தயிர் கெட்டியாக உறையவில்லை என்று ஆவின் பாலைக் குறை சொல்பவர்கள் பாக்கெட்டின் நிறத்தைப் பார்ப்பது நல்லது: நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6.

அடுத்தது கணக்குப் போடுவது. திருவண்ணாமலை மாவட்டம் மணிலா என்கிற நிலக்கடலைக்குப் பேர்போனது. இங்குள்ள கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை (மணிலாதான்) விலை தெரியாத வீடு குறைவு. அந்த ஞானத்தை எண்ணெய்க் கடையில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் செக்கு எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ உரித்த மணிலா வேண்டும். கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் சரக்குக்கே 300 ரூபாய் ஆகிவிடும். புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பும், அது ஆட்டுக்கூலிக்கும் ஆள்கூலிக்கும் போய்விடும். ஆகவே 200 ரூபாய்க்குச் ‘சுத்தமான மரச்செக்கு எண்ணெய்’ கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். வேறு எண்ணெய் கலந்திருக்கலாம், மட்டமான சரக்கை ஆட்டியிருக்கலாம். புதுக் கடையில் முதலில் கால் லிட்டர் வாங்கி ஒரு வாரம் சமைத்துப் பார்த்த பிறகே டின் வாங்கலாம். இன்னும் நல்லது, மணிலாவை வாங்கிக் காயவைத்து, கூலி கொடுத்துச் செக்கில் ஆட்டிக்கொள்வது. அப்படி வாங்கும்போது சுருங்கியதையும் கறுத்ததையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். பூசணத்தில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பழம் வாங்குவதில் வேறு வகை கவனம் தேவை. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலுக்கு வரும் கூட்டம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் போகிறது. பௌர்ணமிக்கு முன்பின் சாலையோரத்தில் நின்று அவசரத்தில் வாங்குவதுதான் அதிகம் ஏமாற்றம் தரும். தர்ப்பூசணியில் தரையில் கிடந்த பக்கம் வெளுப்பாக இருந்தால் பிஞ்சு, வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் முற்றியது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுக்க வேண்டும். 2025 கோடையில் தர்ப்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, நஷ்டப்பட்டது விவசாயிகள்தான். பழத்தின் சிவப்பு இயற்கையானது, துடைத்த பஞ்சில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வதை மட்டும் வைத்துச் சாயம் என்று முடிவு கட்ட முடியாது. மாம்பழத்தின் கதை வேறு. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, காம்பருகே முகர்ந்தால் மணமே இல்லாமல், உள்ளே புளிப்பும் கெட்டியுமாக இருந்தால் அந்தக் கடையை அடுத்த முறை தவிர்க்கலாம்.

குளிர்பானத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ‘கூலிங் சார்ஜ்’ என்று அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு கெட்ட பொருள் வந்துவிட்டால், அதைத் தூக்கி எறியக் கூடாது. ரசீது, உறை, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் தெரியும் படம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் அனுப்பலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம். சொன்ன பிறகு யார் கெட்ட சரக்கை எடுத்துக் கொடுப்பார்கள்! இழப்பீடு வேண்டுமென்றால் திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.