வளர்த்த தந்தையும் வாசித்த மகனும்



வீடுகளைச் சந்திக்கப் போகும் குருவானவரின் காதில் அடிக்கடி விழும் முறைப்பாடு ஒன்றுண்டு. தகப்பனார் சொல்லுவார்: “சாமி, இவன் எந்நேரமும் புத்தகமும் கையுமாகவே இருக்கிறான். வயற்பக்கம் வாடா என்றால் முகத்தைச் சுளிக்கிறான். நாளைக்கு எப்படிப் பிழைக்கப் போகிறானோ தெரியவில்லை.” அவர் எழுந்துபோனபின் பையன் மெல்லச் சொல்லுவான்: “அப்பாவிடம் பேச என்ன இருக்கிறது சாமி? மழை, மாடு, உரம், இவ்வளவுதான். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் ஒரு நாளாவது கேட்டதில்லை.”

பெற்ற பிள்ளையாயிருந்தால் இந்த மனத்தாங்கல் நாளடைவில் தணிந்துபோகும். எடுத்து வளர்த்த பிள்ளையானாலோ, இதனுள் ஒரு முள் இருக்கிறது. “என் இரத்தமாயிருந்தால் என்னைப்போல இருந்திருப்பானோ” என்று தகப்பன் நினைக்கிறார். “நான் இவருடைய சொந்தப் பிள்ளையல்ல, அதனால்தான் என்னைப் பிடிக்கவில்லை” என்று பையன் நினைக்கிறான். இருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாத காரணத்தாலேயே முள் ஆழமாகப் போகிறது.

இவ்விஷயத்தை விளக்க, உண்மையாக வாழ்ந்த இருவரின் சரித்திரத்தை இன்று எடுத்துக்கொள்வோம். மகன், உலகறிந்த அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். பெரியசாமித் தூரன் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழாக்கிய நாவலின் ஆசிரியர் அவரே. தந்தை, அவரை வளர்த்த ஜான் லண்டன். ஜாக் லண்டனுடைய கொள்கைகள் எல்லாம் நமக்கு உகந்தவையல்ல. குடியினால் அவர் தம் உடலைக் கெடுத்துக்கொண்டதும் உண்மை. ஆயினும், நாம் கற்கவேண்டிய பாடமொன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது.

1. பெயர் கொடுத்தவர்

1876-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் அக்குழந்தை பிறந்தது. தாய் பிளோரா வெல்மன். தகப்பன் என்று கருதப்படுபவர், ஊர் ஊராகச் சென்று ஜோதிடம் சொல்லிவந்த வில்லியம் சேனி என்பவர். பிளோரா கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்ததும் அவர் விட்டுப்பிரிந்து போய்விட்டார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற வர்ஜீனியா பிரென்டிஸ் என்ற கறுப்பினத்துப் பெண்மணி குழந்தைக்குப் பாலூட்டினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், ஜான் லண்டன் பிளோராவை மணந்தார். அவர் மனைவியை இழந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரராயிருந்து உடல் தளர்ந்தவர். பார்க்க ஆளில்லாமல் எலைசா, ஐடா என்ற இரண்டு பெண்மக்களை அநாதை இல்லத்தில் விட்டிருந்தார். மணமானபின் அவர்களையும் அழைத்துவந்து ஒரே குடும்பமாக்கினார். எட்டு மாதம்கூட நிரம்பாத அந்தப் பையனுக்குத் தம் பெயரைக் கொடுத்தார். “இது யாருடைய பிள்ளை?” என்று ஊர் கேட்குமுன்னே, “என் பிள்ளை” என்று சொல்லிவிட்டார்.

2. மண்வெட்டியும் புத்தகமும்

ஜான் லண்டன் மண்ணோடும் நீரோடும் பழகிய மனிதர். காய்கறி பயிரிட்டார், உருளைக்கிழங்கு போட்டார், கோழி வளர்த்தார். பையனைக் கூட்டிக்கொண்டு மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போவார். வீட்டில் அமைதியானவர், கடுஞ்சொல் பேசாதவர். ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அலமேடாவிலிருந்து கடலோரப் பண்ணைக்கும், 1885-இல் அங்கிருந்து லிவர்மோர் பள்ளத்தாக்குக்குமாகக் குடும்பம் இடம்மாறிக்கொண்டே இருந்தது. அங்கே கோழிகள் நோயால் மடிந்தன. 1886-இல் நிலத்தை விட்டு ஓக்லண்டு நகருக்கு வந்து சேர்ந்தார்கள்.

பையனோ வேறுவிதம். பண்ணை வாழ்க்கையைப்போல் சலிப்பூட்டுவது வேறொன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. வளர்ந்தபின் அப்படியே எழுதியும் வைத்தான். புத்தகம் கிடைத்தால் போதும், சோறு வேண்டாம். பண்ணையில் கிடைத்த நூல்கள் மிகச் சில. ஸ்பெயின் தேசத்து மூரியர் அரண்மனையைப்பற்றி வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘அல்ஹாம்பிரா’ ஒன்று. கடைசிப் பக்கங்கள் போய்விட்ட ‘சிக்னா’ என்ற நாவல் மற்றொன்று. இந்தச் ‘சிக்னா’ எதைப்பற்றியது தெரியுமா? பெற்றோரற்ற ஓர் இத்தாலியச் சிறுவனை மலைநாட்டு உழவனொருவன் வளர்க்கிறான். அந்தச் சிறுவனின் உள்ளமோ உழவில் இல்லை, இசையில் இருக்கிறது. தன் கதை போன்ற கதையையே அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். அவனை வளர்த்தவரோ எதிரே வெயிலில் மண்வெட்டிக்கொண்டிருந்தார். அந்நாளில் அவனுக்கே அந்த ஒற்றுமை தெரியாது. ஜான் லண்டனையே பெற்ற தகப்பன் என்று நம்பி வளர்ந்தவன் அவன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இருவருக்குமிடையில் பகை இருக்கவில்லை. அன்பு இருந்தது. தந்தை தாம் அறிந்ததையெல்லாம், அதாவது தூண்டிலையும் படகையும் கரையையும், பையனுக்குக் கொடுத்தார். குறை வேறிடத்தில் இருந்தது.

3. கேட்கப்படாத ஒரு கேள்வி

ஓக்லண்டு நகரில் இலவசப் பொது நூலகம் ஒன்று இருந்தது. பத்து வயதுப் பையன் அதற்குள் நுழைந்தபோது, இத்தனை புத்தகங்களா என்று திகைத்துப்போனான். அங்கே நூலகராயிருந்தவர் இனா கூல்பிரித் அம்மையார். பிற்காலத்தில், 1915-இல், கலிபோர்னியா மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞராக மதிக்கப்பட்டவர் அவர். பெரு தேசத்தை வென்ற பிசாரோவைப்பற்றிய நூலைப் பையன் எடுத்துவந்து நீட்டியபோது, நல்ல நூலைத் தேர்ந்தெடுத்தாய் என்று பாராட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

இருபது ஆண்டுகளுக்குப்பின், 1906-இல், பெயரும் புகழும் பெற்ற ஜாக் லண்டன் அந்த அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் படித்ததைப்பற்றி எனக்கு முதன்முதல் நல்ல வார்த்தை சொன்னவர் நீங்கள்தான், என் வீட்டில் நான் என்ன படிக்கிறேன் என்று ஒருவரும் கவலைப்பட்டதில்லை என்பது அதன் கருத்து.

தகப்பன்மாரே, இந்த இடத்தைக் கடந்துபோகவேண்டாம். ஜான் லண்டன் தம் பெயரைக் கொடுத்தார், சோறு கொடுத்தார், படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு கேள்வி மட்டும் அந்த வீட்டில் எழவில்லை. “அந்தப் புத்தகத்தில் என்னடா இருக்கிறது?” என்ற கேள்வி. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. ஆனாலும் அதைக் கேட்டது ஓர் அந்நியப் பெண்மணி. அந்தச் சிறு வார்த்தையை அந்தப் பிள்ளை இருபது ஆண்டு நெஞ்சில் வைத்திருந்தான்.

அவர் ஏன் கேட்கவில்லை? பிள்ளையை வெறுத்ததாலல்ல. உடல் தளர்ந்து, தொழில் கைவிட்டு, இரவுக் காவல் வேலைக்குப்போய்க் குடும்பத்தைத் தாங்கிய மனிதருக்கு, புத்தகம் தமக்குரிய இடமல்ல என்று தோன்றியிருக்கலாம். நம்மிலும் அநேகர் இப்படித்தான். “எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவன்” என்று கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறோம். பிள்ளையோ, “அப்பாவுக்கு அக்கறையில்லை” என்று கதவைச் சாத்திக்கொள்கிறான்.

4. மகன் அறியாமல் கற்றது

இனி மகனைப் பார்ப்போம். குடும்பத்துக்காக அவன் சிறுவயதிலேயே பத்திரிகை போட்டான். பதினான்கு வயதில், புட்டிகளிலும் தகரங்களிலும் உணவடைக்கும் தொழிற்சாலையில் மணிக்குப் பத்து சென்ட் கூலிக்கு உழைத்தான். 1893-இல் பதினேழு வயதில் கப்பலேறி, கடல்நாய் வேட்டைக்காக ஜப்பான் கடல்வரை போய்வந்தான். திரும்பியபின், அங்கே கண்ட புயலைப்பற்றி அவன் எழுதிய கட்டுரைக்குச் செய்தித்தாள் நடத்திய போட்டியில் முதற்பரிசாக 25 டாலர் கிடைத்தது. போட்டியில் எழுதச்சொல்லித் தூண்டியவர் தாயார். ஆனால் அந்தக் கட்டுரைக்குள் இருந்த கடலும் காற்றும் பாய்மரமும் எங்கிருந்து வந்தன? ஓக்லண்டுக் கரையில் தந்தையோடு மீன்பிடிக்கப் போன நாளிலல்லவா முதற்பாடம் தொடங்கியது! நூலகம் அவனுக்கு மொழியைக் கொடுத்தது; எழுதப் பொருளைக் கொடுத்தது வெளியுலகம். அந்த வெளியுலகத்துக்கு அவனை முதலில் கைப்பிடித்து அழைத்துச்சென்றவர் புத்தகம் படிக்காத அந்த மனிதரே.

ஏறக்குறைய இருபத்தொரு வயதில், ஜான் லண்டன் தன்னைப் பெற்றவரல்ல என்ற செய்தி அவனுக்கு உறுதியாயிற்று. 1897-இல் சேனிக்குக் கடிதம் எழுதி, நீர்தானா என் தகப்பன் என்று கேட்டான். அல்லவென்று மறுத்து அவர் பதில் எழுதிவிட்டார். அதே ஆண்டு ஜூலையில், பொன் தேடிக் கனடாவின் க்ளாண்டைக் பனிநாட்டுக்குப் புறப்பட்டான். அவன் தொலைதூரத்தில் இருக்கும்போதே, அக்டோபர் மாதத்தில் ஜான் லண்டன் மரித்தார். 1898-இல் அவன் வீடு திரும்பியபோது, பெயர் கொடுத்தவர் கல்லறையில் இருந்தார். பெற்றவன் என்று எண்ணப்பட்டவர் நீ என் மகனல்ல என்று எழுதிய அந்த வருஷத்திலேயே, மகனே என்று அழைத்தவர் போய்விட்டார்.

பின்னே நடந்ததுதான் வியப்பு. 1903-இல் புகழ்பெற்று, கையில் பணம் வந்ததும், பண்ணையை வெறுத்த அந்தப் பிள்ளை பண்ணை வாங்கினான்! 1905-இல் கிளென் எலன் என்ற ஊரில் சுமார் 130 ஏக்கர் வாங்கி, பின்னர் ஏறக்குறைய 1,400 ஏக்கராகப் பெருக்கினான். அது பிறர் உழுது சாரமிழக்கச் செய்து விட்டுப்போன மலைச்சரிவு. கொரியாவில் கண்டதுபோல் அதைப் படிப்படியாக வெட்டி வரப்புக் கட்டினான். எருக்குழி அமைத்தான். மண்ணின் சத்தைத் திரும்பக் கொண்டுவருவதே நோக்கமென்று கொண்டான். காலையில் ஆயிரம் சொல் எழுதிவிட்டு, பின்பு குதிரையேறி நிலத்தைச் சுற்றிவருவது அவன் வழக்கம். அந்தப் பண்ணையை மேற்பார்த்தவர் யார்? ஜான் லண்டனின் மகள், அந்த எலைசாவே. தகப்பனுடைய கைவிட்டுப்போன நிலம் இவ்வாறு மகனிடமும் மகளிடமும் திரும்பி வந்தது. 1916 நவம்பர் 22-இல், நாற்பதாம் வயதில், ஜாக் லண்டன் அங்கேயே இறந்தார். இன்று அது அரசு காக்கும் வரலாற்றுப் பூங்கா.

கோழி மடிந்த இரவில் ஒரு தகப்பனுக்கு என்ன இருக்கும் என்பது சொந்தமாக நிலம் வைத்தபின்தான் மகனுக்கு விளங்கக்கூடும். ஆனால், “அப்பா, இப்போது எனக்குத் தெரிகிறது” என்று சொல்ல, தகப்பனார் இருக்கவில்லை.

5. நமக்குரிய பாடம்

ஆகையால், வளர்க்கும் தகப்பன்மாரே: பிள்ளை உங்களைப்போல இல்லையென்பதால் உங்கள் பிள்ளை இல்லையென்று எண்ணவேண்டாம். பெற்ற பிள்ளைகளும் தகப்பனைப்போல இருப்பதில்லை. பத்து விரலும் ஒன்றாயிருப்பதில்லையே. அவனை வயலுக்கும் கடலுக்கும் அழைத்துச்செல்லுங்கள், அது வீணாகாது. ஆனால் பரிட்சையில் நடப்பதுபோல வேலை வாங்கிக் குற்றம் பார்க்கவேண்டாம். திரும்பி வருகையில், “நீ படிக்கிறதைக் கொஞ்சம் சொல்லேன்” என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். சொல்லத் தொடங்கும்போதே அவன் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

பிள்ளைகளே: உங்களை வளர்ப்பவர் புத்தகத்தைப்பற்றிப் பேசாதவராயிருக்கலாம். ஆயினும் காற்றைப் பார்த்து மழை சொல்லுகிறவரிடம், மண்ணைத் தொட்டு ஈரம் சொல்லுகிறவரிடம், எந்த நூலிலும் எளிதில் கிடைக்காத அறிவு இருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அன்பு வார்த்தையில் வராது. உங்களுக்கென்று தூண்டில் கட்டிக்கொடுப்பதில் வரும், பள்ளிக் கட்டணத்துக்காக ஆட்டை விற்பதில் வரும். அதை அன்பு என்று அறிந்துகொள்வதும் ஒரு படிப்பே.

தாய்மாரே: நீங்கள் இருவருக்குமிடையில் தூதுபோகலாம், ஆனால் எப்போதும் நீங்களே பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கற்கமாட்டார்கள்.

அர்ச்சியசிஷ்ட சூசையப்பரைக் குடும்பங்களின் காவலராகப் போற்றும் நமக்கு, பெறாத பிள்ளையை வளர்ப்பது குறைந்த தந்தைமையன்று என்பதை விரித்துரைக்கவேண்டியதில்லை.

வீட்டிலே சிந்திக்க

1. என் பிள்ளை இப்போது படிக்கும் புத்தகத்தின் பெயர் எனக்குத் தெரியுமா?

2. என் தகப்பனார் இந்த மாதம் எந்தத் தொழிற்கவலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியுமா?

3. இவ்விரண்டில் ஒன்றைக் கேட்க, எந்த நாளுக்காக நாம் காத்திருக்கிறோம்?

இன்றிரவு உணவுக்கு உட்காரும்போது கேட்டுவிடுங்கள்.

உங்கள் பங்குக் குரு