சத்தம் போடாத கணினி: மென்பொருள் எழுதுவோருக்கான பாகங்களைத் தெரிவு செய்தல்

கணினி வாங்கப் போகும்போது விலையைக் கேட்காதவர் இல்லை. வேகத்தைக் கேட்பவரும் பலர். அது எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்பவரைக் காண்பதுதான் அரிது. ஆனால் வாங்கிய பின்னர் வீட்டிலுள்ள அனைவரும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தச் சத்தத்தைத்தான்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்கும் எம்மில் பலர் மென்பொருள் துறையை விரும்புகிறோம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்பதால் பெற்றோரும் இதற்கு இணங்குகின்றனர். எனினும் வீடு என்பது ஒருவருக்கு மட்டும் உரிய அலுவலகம் அல்ல. எங்கள் வீட்டில் ராத்தா மென்பொருள் எழுதும் மேசை ஹோலில் இருக்கிறது. ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் உம்மும்மாவின் கட்டில். தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும்புபவர் என்பதால் இஷாவுக்குப் பின் அவர் உடனே உறங்கிவிடுவார். ராத்தாவின் வேலை மும்முரமாவதும் அந்த நேரத்தில்தான். கணினி இரைந்தால் “போதும் மகள், நிப்பாட்டுங்க” என்ற குரல் வரும். அப்போது நின்று போவது கணினி மட்டுமல்ல, ஒரு பெண்பிள்ளையின் வேலையும்தான்.

புதிய கணினிக்கான பாகங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் தந்த ராத்தா இரண்டு நிபந்தனைகள் மட்டுமே விதித்தார். அது வலுவாக இருக்க வேண்டும்; அமைதியாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும. ஆனால் பௌதிகவியலில் நாம் படிக்கும் சில எளிய தொடர்புகளை வைத்துப் பார்த்தால் இரண்டையும் ஒருசேர அடையலாம் என்பது விளங்கும்.

சத்தத்தின் பிறப்பிடம் வெப்பம்

மேசைக்கணினியில் சத்தம் எழுப்புபவை அசையும் பாகங்களே. விசிறிகளும் பழைய வகை வன்தட்டும்தான் அவற்றுள் முக்கியமானவை. விசிறி வேகமாகச் சுழல்வது வெப்பத்தை வெளியேற்றுவதற்காக. ஆகவே வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுவோரின் கணினியில் அது பெரும்பாலும் செயலியில் பிறக்கிறது.

செயலி செலவிடும் வலு அண்ணளவாக அதன் வோல்ட்டளவின் வர்க்கத்துக்கும் மீடிறனுக்கும் விகிதசமனானது. மீடிறனைக் கூட்டினால் அதற்கேற்ப வோல்ட்டளவையும் கூட்ட வேண்டிவரும். இரண்டும் 10 சதவீதம் கூடினால் வலு 1.1இன் மும்மடிக்கு, அதாவது ஏறத்தாழ 33 சதவீதத்துக்குக் கூடிவிடும். வேகம் கொஞ்சம் கூட, வெப்பம் நிறையக் கூடுகிறது.

இதற்கு ஓர் உண்மையான உதாரணம் ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரண்டு செயலிகள். 2022இல் வெளிவந்த ரைசன் 9 7900 எக்ஸ், 2023இல் வெளிவந்த ரைசன் 9 7900 ஆகிய இரண்டிலும் 12 கோர்கள் உள்ளன. முன்னையதன் உச்ச மீடிறன் 5.6 கிகாஹேர்ட்ஸ், பின்னையதன் உச்ச மீடிறன் 5.4 கிகாஹேர்ட்ஸ். வித்தியாசம் 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் முன்னையது 230 வாற்று வரை இழுக்க அனுமதிக்கப்பட்டுள்ளது. பின்னையது 88 வாற்று வரைதான். எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது வேக வித்தியாசம் சற்றுக் கூடும் என்பது உண்மையே. எனினும் அது வலுவின் இரண்டரை மடங்கு வித்தியாசத்துக்குக் கிட்டவும் வராது. அந்த மிகுதி வலு முழுவதும் வெப்பமாகி, விசிறியின் இரைச்சலாக எம்மிடமே திரும்பி வருகிறது.

ஆகவே செயலி வாங்கும்போது அதன் வாற்றுப் பெறுமானத்தைக் கட்டாயம் கேளுங்கள். 65 வாற்று வகுப்பைச் சேர்ந்த செயலிகளிலேயே 8 கோர், 12 கோர் கொண்டவை கிடைக்கின்றன.

எத்தனை கோர் போதும்?

நாம் எழுதும் செய்நிரலைத் தொகுப்பான் இயந்திர மொழிக்கு மாற்றும்போது பல கோப்புகளை வெவ்வேறு கோர்கள் ஒரே நேரத்தில் செய்து முடிக்கலாம். ஆனால் இறுதியில் அவற்றை ஒன்றாக இணைக்கும் வேலை போன்ற சில வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கும். இதைப் பற்றி 1967இல் ஜீன் அம்டால் என்ற கணினி அறிஞர் கூறிய கருத்தே அம்டாலின் விதி எனப்படுகிறது.

ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பங்கிடலாம், 10 சதவீதத்தைப் பங்கிட முடியாது என வைத்துக்கொள்வோம். 8 கோர்கள் இருந்தால் வேகம் ஒரு கோரைப்போல 4.7 மடங்காகும். கோர்களை 16 ஆக இரட்டித்தாலும் 6.4 மடங்குதான். கோர்கள் இரு மடங்காகின்றன, பலன் மூன்றில் ஒரு பங்களவே கூடுகிறது. எனவே மாணவிக்கும் புதிதாகத் தொழிலுக்குச் செல்பவருக்கும் 8 கோர்கள் தாராளம். பெரிய செய்நிரல்களை நாள் முழுதும் தொகுப்பவருக்கு 12 கோர்கள் பயன்தரும்.

விசிறி கூடினால் சத்தம் குறையுமா?

குறையும் என்பதே வியப்பான விடை. விசிறியின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் அதன் ஒலி மட்டம், பொறியியலாளர் பயன்படுத்தும் விசிறி விதிகளின்படி, சுமார் 15 டெசிபெல் குறைகிறது. மறுபுறம், ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு விசிறிகளைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இது 2இன் மடக்கையைப் பத்தால் பெருக்கி நாம் வகுப்பில் பெறும் அதே 3தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றுச் சுற்றும் ஒரு விசிறிக்குப் பதிலாக 700 சுற்றுச் சுற்றும் இரண்டு விசிறிகளைப் பூட்டினால் மொத்தக் காற்று ஏறத்தாழ மாறாது. சத்தமோ 12 டெசிபெல் குறைகிறது. அதாவது ஒலிச்செறிவு பதினாறில் ஒரு பங்காகிறது. விசிறி பெரிதாக இருப்பதும் நல்லது. 120 மில்லிமீற்றர் விசிறி தரும் காற்றை, அதே வடிவிலான 140 மில்லிமீற்றர் விசிறி மூன்றில் இரண்டு பங்கிலும் குறைந்த வேகத்தில் தந்துவிடும்.

செயலியின் மேல் பூட்டும் கூலரிலும் இதே விதிதான். செப்புக் குழாய்கள் கொண்ட உயரமான கூலரைத் தெரிவு செய்யலாம். அக்குழாய்களுக்குள் இருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் ஒடுங்கி, மறைவெப்பமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அங்கே அசையும் பாகமே இல்லை. நீர்க் குளிரூட்டி பார்வைக்கு அழகாக இருந்தாலும் அதன் பம்பி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

நினைவகமும் சேமிப்பகமும்

மென்பொருள் எழுதுபவர் ஒரே நேரத்தில் தொகுப்பான், இணைய உலாவி, கைபேசிப் போலிமி, தரவுத்தளம் எனப் பலவற்றைத் திறந்து வைத்திருப்பார். ரேம் நினைவகம் போதாவிட்டால் கணினி தரவுகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றித் தள்ளும். அப்போது எவ்வளவு வேகமான செயலியும் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே 32 கிகாபைட்டை இலக்காகக் கொள்ளலாம். அதை இரண்டு 16 கிகாபைட்டுத் துண்டுகளாக வாங்குங்கள். செயலி இரு வழிகளால் ஒரே நேரத்தில் நினைவகத்தை அணுக அது உதவும். நான்கு துண்டுகளைப் பூட்டினால் வேகம் குறையலாம். மேற்சொன்ன செயலிகளில் டி.டி.ஆர். 5 நினைவகத்துக்கு நிறுவனம் உறுதியளிக்கும் வேகம் இரண்டு துண்டுகளுக்கு 5200, நான்கு துண்டுகளுக்கு 3600.

பழைய வகை வன்தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும். அறுபதால் வகுத்தால் செக்கனுக்கு 120 சுற்று. அதன் அதிர்வு 120 ஹேர்ட்ஸ் முரல் ஒலியாகப் பெட்டி வழியே மேசைக்கும் பரவுகிறது. திண்மநிலைச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. ஆகவே இச்சத்தமும் இல்லை. அதிலும் தாய்ப்பலகையில் நேரடியாகப் பூட்டும் என்.வி.எம்.ஈ. வகையே சிறந்தது. 1 டெராபைட்டு போதும்.

எதை வாங்காமல் விடலாம்?

கடைகளில் வலுவான கணினி என்றால் விளையாட்டுக்கான கணினியைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் பெரும் செலவு வரைவியல் அட்டைக்குப் போகிறது. இணையத்தளமோ கைபேசிச் செயலியோ எழுதுபவருக்கு அது தேவையில்லை. மேற்சொன்ன இரண்டு செயலிகளுக்குள்ளேயே திரைக்குப் படம் தரும் பகுதி அமைந்துள்ளது. முப்பரிமாண விளையாட்டு உருவாக்கவோ இயந்திரக் கற்றலில் ஈடுபடவோ விரும்புபவர் மட்டும் அட்டை வாங்கட்டும். வாங்காமல் விட்டால் பணமும் மிச்சம், வெப்பமும் குறையும், இரண்டு மூன்று விசிறிகளும் இல்லாமற் போகும். வண்ண விளக்குகளும் அப்படியே. தேவையில்லாததற்குச் செலவிடுவது விரயம் என்பதை எமது மார்க்கம் எமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

வலு வழங்கியும் பெட்டியும்

வலு வழங்கியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். கணினிக்கு 150 வாற்று தேவை என்று கொள்வோம். 80 சதவீத வினைத்திறனுள்ள வலு வழங்கி 37 வாற்றுக்கும் அதிகமாக வெப்பமாக்கி வீணடிக்கும். 90 சதவீத வினைத்திறனுள்ளது வீணடிப்பது 17 வாற்று மட்டுமே. 80 பிளஸ் கோல்ட் என்ற முத்திரையைப் பார்த்து வாங்கலாம். வரைவியல் அட்டை இல்லாத கணினிக்கு 550 வாற்று வழங்கி மிகவும் போதும். குறைந்த சுமையில் விசிறியையே நிறுத்தி வைக்கும் வகைகளும் உண்டு. வலு குறைந்த கணினியை மின்தடையின்போது யூ.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும் என்பதும் ஒரு நன்மை. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டியைத் தெரிவு செய்யும்போது எமது காலநிலையை மறக்கக் கூடாது. சத்தத்தை அடக்கவென நுரை ஒட்டி நாற்புறமும் மூடிய பெட்டிகள் உண்டு. குளிர்நாட்டில் 20 பாகை செல்சியஸ் அறைக்கு அவை பொருந்தலாம். எமது ஹோல்களில் 30 பாகை சாதாரணம். அறை 10 பாகை சூடாக இருந்தால் செயலியும் ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடாகும். எனவே முன்பக்கம் வலை போன்ற துளைகளும் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டியும் கொண்ட பெட்டியே எமக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை வடிகட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால் விசிறிகள் மீண்டும் இரையத் தொடங்கும்.

செலவில்லாத ஒரு வேலை

எல்லாம் பூட்டிய பின்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. செயலியின் வெப்பம் சில செக்கன்கள் ஏறினாலும் விசிறி உடனே சீறி, மறுகணம் அடங்கும். சீரான மெல்லிய ஒலியைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் ஒலிதான் தூங்குபவரையும் எழுப்பும். தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்புக்குள் சென்று, குறிப்பிட்ட வெப்பநிலை வரை விசிறி ஒரே மெதுவான வேகத்தில் சுழலவும், வெப்பம் ஏறினாலும் சில செக்கன்கள் தாமதித்தே வேகமெடுக்கவும் ஏற்பாடு செய்யலாம். செயலியின் வலுவுக்கு எல்லை விதிக்கும் வசதியும் பல தாய்ப்பலகைகளில் உண்டு. ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சதமும் செலவழிக்காமல் இன்றே இதைச் செய்து பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை கணினி கேட்கும்போது எவ்வளவு என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செயலி எத்தனை வாற்று? வரைவியல் அட்டை எதற்கு? விசிறிகள் எத்தனை மில்லிமீற்றர்? இம்மூன்றுக்கும் பிள்ளையால் பதில் சொல்ல முடிந்தால், தனக்குத் தேவையானது எது என்று அவள் படித்துவிட்டாள் என்று நம்பிப் பணம் கொடுக்கலாம். அப்படித் தெரிவு செய்த கணினி வீட்டாரின் உறக்கத்தையும் ஓதலையும் கெடுக்காது. அவளது வேலையையும் யாரும் பாதியில் நிறுத்தச் சொல்ல வேண்டிவராது, இன்ஷா அல்லாஹ்.