ஓட்டுக் கூரையைப் பிரித்து மாற்ற எத்தனை நாள் ஆகும்?

ஓட்டு வீட்டின் கூரையை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று எந்தத் தச்சரைக் கேட்டாலும், "பிரிச்சுப் பார்த்தாத்தாங்க தெரியும்" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி ஓட்டைப் பிரிக்கவிட்ட வீடுகளில்தான், ஒரு வாரம் என்று தொடங்கிய வேலை ஒன்றரை மாதம் இழுக்கிறது. பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, மரமும் ஓடும் வாசலில் வந்து இறங்கிய பிறகு கூரையில் கை வைத்தால், வீடு வானம் பார்த்துக் கிடக்கும் நாட்கள் மிகக் குறைவு.

முதலில் ஒரு தோராயக் கணக்கு. மங்களூர் ஓடு போட்ட, இரண்டு பக்கமும் சரிந்த, 6 சதுரம் கூரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரம் 100 சதுர அடி. தரையை அளந்து கூரைக்குக் கணக்குப் போடக் கூடாது. சரிவும், சுவரைத் தாண்டி நீளும் இறவாணமும் சேர்ந்து, 450 சதுர அடித் தரைக்கே கூரை 600 சதுர அடி வந்துவிடும். இந்த அளவில் ஓடு மட்டும் மாற்றுவதென்றால் இரண்டு மூன்று நாள். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையும் மாற்றினால் ஒரு வாரம். கைமரம், உத்திரம், மோட்டுவளை என்று மரம் முழுவதும் மாற்றினால் இரண்டிலிருந்து மூன்று வாரம். இதற்கு முன் மூன்று நான்கு வாரம் ஆயத்தத்துக்கு வேண்டும். அந்த நாட்களில் பழைய கூரை அப்படியே இருக்கும், வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. நாட்டு ஓடு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. சின்னச் சின்ன ஓடுகளை அடுக்கடுக்காகப் போட வேண்டும், அதை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ஓடு போடும் நாட்களை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிப் பார்ப்பது

தெருவில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். நேர்கோடாக இருந்தால் நல்லது. நடுவில் தொய்ந்திருந்தால் மோட்டுவளையோ அதைத் தாங்கும் மரமோ தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஓடு மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பிறகு டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு, ஏணி வைத்துப் பரணுக்கு மேல் ஏறுங்கள். ஓட்டுக்கிடையே தெரியும் வெளிச்சம் உடைந்த ஓட்டைத்தான் காட்டும். அது சின்ன விஷயம். பார்க்க வேண்டியது கைமரத்தின் அடி, அதாவது சுவர்மேல் வந்து உட்காரும் இடம். மழை நீர் அங்கேதான் தேங்கி ஊறும், கரையானும் சுவர் வழியே அங்கேதான் முதலில் ஏறும். ஒவ்வொரு கைமரத்தின் அடியிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மரம் உறுதி. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அதற்கு மாற்று வாங்கியாக வேண்டும். வெளியே வழுவழுவென்று இருந்து உள்ளே கூடாகிப்போன மரமும் உண்டு. அதைத் தட்டினால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு நோட்டில் அறைவாரியாக எழுதுங்கள்: எத்தனை கைமரம், என்ன நீளம், எது கெட்டது, எது சந்தேகம். சந்தேகமானதையும் கெட்டதாகவே கணக்கில் சேருங்கள். மிஞ்சிய மரம் வேறு எதற்காவது ஆகும். ஆனால் கூரை திறந்து கிடக்கும்போது இரண்டு கைமரம் குறைந்தால், மரவாடிக்கும் அறுவை மில்லுக்கும் அலைவதில் மூன்று நாள் போய்விடும்.

மரமும் ஓடும் வரும் வரை

கூரை வேலையின் காலத்தை உண்மையில் தீர்மானிப்பது மரம்தான். ஈரம் காயாத மரத்தை வாங்கி மாட்டினால் ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும். அதோடு ரீப்பர் வரிசை கோணும், ஓட்டின் பூட்டுகள் விலகும், அடுத்த மழையிலேயே ஒழுகும். எனவே நன்றாக உலர்ந்த மரமாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வீடு இடித்த இடங்களில் கிடைக்கும் தேக்கும் வேங்கையும் பல நேரம் புது மரத்தைவிட மேல். ஆணியைப் பிடுங்கி, இழைத்து, அளவுக்கு அறுத்தால் போதும். பனங்கைமரம் வேண்டுமென்றாலும் இதுவே வழி. பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அதனால் தோப்பில் ஒரு மரத்தை வெட்டி அறுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். அறுத்து வந்த மரத்துக்குக் கரையான் மருந்தோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசி, நிழலில் அடுக்கி, ஒரு வாரமாவது விடுங்கள். மேலே ஏற்றிய பிறகு பூசினால் மூட்டுகளுக்குள்ளும் சுவருக்குள் போகும் முனையிலும் மருந்து ஏறாது. ஏற வேண்டிய இடமே அதுதான்.

மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் என்று முடிவு செய்தால் நாள் குறையும். பட்டறையிலேயே வெட்டி, ஒட்டி, பிரைமர் அடித்துக் கொண்டுவந்துவிடலாம். வீட்டில் பொருத்தும் வேலை மூன்று நான்கு நாள்தான். அழகுக்கு எனக்கு மரம்தான் பிடிக்கும். ஆனால் கரையான் பெருத்த ஊரில் இரும்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டுக்குக் கணக்கு: சதுரத்துக்கு ஏறக்குறைய 140 ஓடு. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, 6 சதுரத்துக்கு 900-க்கு மேல் வேண்டும். முகட்டு ஓடு தனி. பழைய ஓட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிப்பது இன்னும் பல பத்தாண்டு உழைக்கும், மந்தமாக ஒலிப்பதில் விரிசல் இருக்கும். ஆனால் ஒன்று. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ ஆலைகள் வந்தன, ஒவ்வொன்றின் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஓட்டின் அடியில் பதிந்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். இரண்டு ஆலை ஓடுகள் ஒரே வரிசையில் பூட்டிக்கொள்ளாது. பழையதை எல்லாம் பொறுக்கி ஒரு சரிவுக்கும், புதியதை மறு சரிவுக்கும் போடுவதே சரி. ரீப்பர் இடைவெளியையும் அந்தந்தச் சரிவில் போடப்போகும் ஓட்டை வைத்தே அளக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம்?

தை முதல் பங்குனி வரை. சித்திரை, வைகாசியில் கோடை மழை திடீரென்று வரும், வெயிலில் ஓட்டின்மேல் கால் வைக்கவும் முடியாது. குமரி, தென்காசி, நீலகிரிப் பக்கம் ஜூனிலேயே மழை பிடித்துவிடும். மற்ற மாவட்டங்களில் ஆடிக் காற்று அடங்கிய பிறகு ஆவணியில் சில வாரம் கிடைக்கும். ஆனால் வேலை இழுத்தால் ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்வோம். தை பிறந்தால் எல்லாரும் வேலை தொடங்குவார்கள், தச்சர் கிடைப்பது கடினம். கார்த்திகையிலேயே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும் வரை நாள் குறிக்காதீர்கள்.

வேலை நாட்கள்

பிரிப்பதற்கு முதல் நாள் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, கைமரத்தில் ஓடும் ஒயர்களைக் கழற்றுங்கள். சாமான்களை ஓர் அறைக்கு ஒதுக்கி, கனமான தார்ப்பாய் வாங்கி வையுங்கள். வீட்டிலேயே குடியிருந்தபடி வேலை பார்ப்பதென்றால் கூரையின் நீளத்தை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கைந்து நாள் கூடும், ஆனால் சமையலுக்கும் படுக்கைக்கும் ஒரு பாதி மிஞ்சும்.

ஓடு இறக்க நான்கு பேருக்கு ஒரு நாள் போதும். பழைய மரம் நிற்கப்போகிறது என்றால் ஒரு சரிவை முழுதாக இறக்கிவிட்டு மறு சரிவுக்குப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக இறக்கினால்தான் பாரம் ஒரே பக்கம் தள்ளாது. திரும்பப் போடும்போதும் அப்படியே.

மரத்தை இறக்க ஒரு நாள். அப்போதுதான் சுவர்த்தலை கண்ணுக்குத் தெரியும். பழைய வீடுகளில் மேல் இரண்டு வரிசைக் கல் உதிர்ந்து வரும். அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு நாள், அது இறுக நான்கைந்து நாள். இந்த நாட்களைத்தான் எல்லாரும் திருட்டுத்தனமாகக் குறைக்கிறார்கள். ஈரச் சுவரில் கைமரத்தை ஏற்றாதீர்கள். காத்திருக்கும் நாட்களில் தச்சர் கீழேயே மரத்தை அளந்து, வெட்டி, துளையிட்டு வைக்கட்டும். பிறகு கைமரம் ஏற்ற மூன்று நான்கு நாள், ரீப்பர் அடிக்க ஒன்றிரண்டு நாள், ஓடு போட இரண்டு நாள். இறவாணத்து முதல் இரண்டு வரிசை ஓட்டைக் கட்டுக்கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள். காற்று முதலில் கிளப்புவது அந்த வரிசையைத்தான். 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முகட்டு ஓட்டுக்குக் கலவை வைத்துப் பூச ஒரு நாள். அதற்குப் பின் ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு சரிவு சேரும் கூடல்வாய் இருந்தால் அடியில் தகடு போட்டு நிதானமாகச் செய்ய இன்னொரு நாள் விடுங்கள். ஒழுகும் வீடுகளில் பாதி அங்கேதான் ஒழுகுகின்றன.

கூலியைப் பொறுத்தவரை, மர வேலைக்கு நாள்கூலியும் ஓடு போடுவதற்குச் சதுரக் கணக்கும் பேசுவது நல்லது. மர வேலையை மொத்தமாகப் பேசினால் மூட்டுகளில் அவசரம் தெரியும்.

கான்கிரீட் போட்டுவிடலாமா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். காலத்தை வைத்தே சொல்கிறேன். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்ட ஒரு வாரம். கான்கிரீட் போடுவது ஒரே நாள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் அகலமென்றால் 14 நாள் நிற்க வேண்டும். கலப்பு சிமெண்டுக்கு இன்னும் கூடும், 10 நாளாவது ஈரமும் காக்க வேண்டும். பூச்சும் மேல்தளமும் சேர்த்தால் ஒன்றரை மாதம். அதைவிட முக்கியம் பாரம். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவுதான், 5 அங்குலத் தளம் 300 கிலோவுக்கு மேல். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் இதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கடைசிப் பங்கு கூலியைக் கொடுப்பதற்கு முன், முகட்டில் ஓஸ் பைப்பை வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, உள்ளே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு, தச்சர் ஊரில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். மிஞ்சிய ஓட்டில் ஐம்பதாவது கொல்லைச் சுவரோரம் நிறுத்தி அடுக்கி வையுங்கள். அதே அச்சு ஓடு பிறகு கிடைக்காது.