உச்சி வெயிலும் அஞ்சடி நிழலும்

புகைப்படம் கற்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் விதி, “உச்சி வெயிலில் படம் எடுக்காதே” என்பது. கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் குடியிருந்துகொண்டு, கொமுட்டர் ரயில் ஏறிப் போய்ப் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் கைப்பேசியிலேயே படம் எடுத்துப் பழகியவன் நான். அந்த விதியை வகுத்தவர்கள் பார்த்த சூரியன் வேறு, நம் தலைக்கு மேல் நிற்கும் சூரியன் வேறு. நம் வெயில், நம் புழுக்கம், நம் தெருவிளக்கு, நம் முகம் இவற்றைக் கவனித்தால் விலையுயர்ந்த கேமரா இல்லாமலே நல்ல படம் கிடைக்கும். எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

நிழலைப் பார்த்து நேரம் குறியுங்கள்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைதான் வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் எந்த மாதத்திலும் 60 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் நேர் உச்சிக்கே வந்துவிடும். நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அதுவும் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாகவே இறங்கும். அடிவானத்திலிருந்து 10 பாகை உயர அதற்குச் சுமார் 40 நிமிடம் போதும். டிசம்பர் மாத லண்டனில் அதே உயரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே நமக்குக் கிடைக்கும் இளவெயில் கொஞ்ச நேரந்தான். எங்கே நிற்பது, எதை எடுப்பது என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். வெயில் வந்த பிறகு இடம் தேடினால் பொழுது போய்விடும்.

அஞ்சடிதான் நம் ஸ்டூடியோ

இளவெயில் போன பிறகு என்ன செய்வது? கடைவீட்டு அஞ்சடிக்குள், அதாவது கடைமுன் ஐந்தடி நடைபாதைக்குள், போங்கள். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை கட்டாயமாக்கப்பட்டது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வந்து, நம் ஊர்களுக்கும் பரவிய அந்த அமைப்பு, படம் எடுப்பவனுக்கும் பெரிய கொடை. உச்சி வெயில் தெருவில் பட்டுத் தெறித்து, கூரைக்கு அடியில் மென்மையாக நுழைகிறது. திறந்த வெளியில் கண்குழியை இருட்டாக்கும் அதே வெயில், இங்கே கீழிருந்து வந்து கண்ணுக்குள் ஒளி ஏற்றுகிறது.

எடுக்கப்படுபவரை நிழல் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, தெருவைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். தெருப்பக்கம் நீங்கள் நில்லுங்கள். பின்னால் கடை இருட்டாக இருப்பதால் முகம் தனியாக எடுப்பாகத் தெரியும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பகல் 1 மணிக்கு இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

விளக்கின் துடிப்பு

தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலை எங்கும் எல்.இ.டி. விளக்கு. கண்ணுக்குச் சீராகத் தெரிவது படத்தில் வரிவரியாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கைப்பேசியின் ‘புரோ’ முறையில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் வரிகள் மறைந்துவிடும். ரயிலின் எல்.இ.டி. பெயர்ப்பலகையில் எழுத்து பாதிதான் விழுகிறதா? ரயில் நின்ற பிறகு, 1/60 அல்லது அதைவிட மெதுவான வேகத்தில் எடுங்கள்.

புழுக்கமும் பூஞ்சையும்

குளிரூட்டிய ரயில் பெட்டியிலிருந்து மேடையில் இறங்கியதும் லென்சில் பனி மூடும். ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. துடைத்தாலும் மறுபடி மூடும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் சூடாகவில்லை. இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே கைப்பேசியைச் சட்டைப்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவின் பழைய பிலிம் கேமரா இருந்தால் அதைத் தோலுறையிலேயே அலமாரியில் அடைத்து வைக்காதீர்கள். லென்சில் பூஞ்சை வலை பின்னிவிடும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானியும் இருக்கட்டும். 40 முதல் 50 விழுக்காடு காட்டினால் நல்லது.

நம் நிறம் நம் நிறமாகவே

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பிலிம் காலத்தில், நிறம் சரிபார்க்கப் புகைப்பட அச்சுக்கூடங்களுக்குக் கோடக் அனுப்பிய அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். கறுத்த முகம் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்றைய கைப்பேசி எவ்வளவோ மேல். ஆனாலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் கறுத்த முகம் மங்கும், இருட்டுக்கு முன்னால் நின்றால் சாம்பல் பூத்துவிடும்.

திரையில் முகத்தைத் தொடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சக் குறியை மேலே நகர்த்துங்கள், இருட்டு என்றால் கீழே இறக்குங்கள். சருமத்தை வெளுக்க வைக்கும் ‘பியூட்டி’ வசதியை முழுவதும் அணைத்துவிடுங்கள்.

பூக்கடை அக்கா ஒருவரிடம், “ஒரு படம் எடுத்துக்கவாக்கா?” என்று கேட்டு எடுத்து, திரையைக் காட்டினேன். “என் கலர மாத்தாம எடுத்திருக்கியே தம்பி, மவளுக்கு அனுப்பணும், எனக்குப் போட்டு விடு” என்றார். கேட்டு எடுப்பதும், எடுத்ததை அவர்களுக்கே கொடுப்பதும் இந்தக் கலையின் பாதி.

நம் பாட்டிமார், தாத்தாமார் முகங்களை இந்த வார இறுதியிலேயே எடுத்து, நிறம் மாற்றாமல் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது, தங்கள் நிறம் எங்கிருந்து வந்தது என்று பெருமையோடு தெரிந்துகொள்ளட்டும்.