வேலையாளுக்கு எத்தனை கட்டளை?

சதுரங்கம் ஆடும் மாணவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். உங்களிடம் 16 காய்கள் இருந்தாலும், உங்கள் முறை வரும்போது ஒரு காயைத்தான் நகர்த்தலாம். (கோட்டை கட்டுதல் ஒன்றே விலக்கு.) எல்லாக் காய்களையும் ஒவ்வொரு முறையும் நகர்த்தியே தீரவேண்டும் என்று விதி இருந்தால் என்ன ஆகும்? ஆட்டம் கடினமாகும் என்பீர்கள். அதைவிட முதலில் அது சலிப்பூட்டும்.

கணிப்பொறியில் ஆடப்படும் வியூக விளையாட்டுகள் பலவற்றில் நிலைமை இதுதான். சிட் மெயர் உருவாக்கி 1991-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியுடன் தொடங்கி, ஊர்கள் அமைத்து, வயலுக்கு நீர் பாய்ச்சி, சாலை போட்டு, சுரங்கம் வெட்டி நாட்டை வளர்க்க வேண்டும். இவ்வரிசையில் மூன்றாவதாக 2001-இல் வந்த விளையாட்டில், மண்வேலைக்கென்றே தனியாக 'வேலையாள்' என்னும் காய் வந்தது. ஊர்கள் பெருகப் பெருக வேலையாட்களும் பெருகுவர். ஒவ்வொருவரும் "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார்.

கணக்கிட்டுப் பார்ப்போமா? எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 12 ஊர்கள், ஊருக்கு இரண்டு வேலையாட்கள், ஆக 24 பேர். ஒருவர் வேலையிடத்துக்கு நடக்க 2 சுற்றுகள், வேலையை முடிக்க 4 சுற்றுகள். நடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டளை, வேலையைத் தொடங்க ஒரு கட்டளை. ஆறு சுற்றுகளுக்கு 3 கட்டளைகள். 24 பேருக்குச் சுற்றுக்குச் சராசரியாக 12 கட்டளைகள் ஆகின்றன. ஒரு கட்டளைக்கு 4 விநாடி வீதம் சுற்றுக்கு 48 விநாடிகள். நூறு சுற்றுகளில் 80 நிமிடங்கள் வேலையாட்களை மேய்ப்பதிலேயே போய்விடும்! போர், வணிகம், கல்வி எல்லாம் இதற்குப் புறம்பு.

இந்தச் சலிப்பைக் குறைக்க முதல் வழி, பல சிறு கட்டளைகளை ஒரு பெரிய கட்டளையாகக் கட்டுவது. பத்துக் கட்டங்களுக்குச் சாலை போட வேண்டுமெனில், கட்டந்தோறும் 'நட', 'போடு' என இருபது கட்டளைகள் வேண்டும். 'இந்த ஊர்வரை சாலை போடு' என்பது ஒரே கட்டளை. எதைச் செய்வது என்ற முடிவு உங்களுடையதாகவே இருக்கிறது, கால்நடைதான் பொறியினுடையது. இதில் இழப்பு ஏதுமில்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது வழி, முடிவையும் பொறியிடமே விட்டுவிடுவது. ஒரு விசையை அழுத்தினால் வேலையாள் தானியங்கியாகிவிடுவார். எங்கே வயல், எங்கே சுரங்கம் என்று கணிப்பொறியே தீர்மானிக்கும். ஆகா, நிம்மதி என்கிறீர்களா? பத்துச் சுற்றுகள் கழித்து வந்து பாருங்கள். பின்னால் பயன்படும் என்று நீங்கள் விட்டுவைத்திருந்த காட்டை அவர் வெட்டியிருப்பார். நீங்கள் வெட்டுவித்த சுரங்கத்தைத் தூர்த்து அங்கே வயல் ஆக்கியிருப்பார். அவர் முட்டாள் அல்லர். இன்றைய நிலையில் எந்தக் கட்டத்தில் எது அதிக விளைச்சல் தரும் என்று எண்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார். உங்கள் மனத்தில் இருந்த திட்டம் அந்த எண்களில் இல்லை, அவ்வளவுதான்.

விளையாட்டை எழுதியவர்கள் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேலையாளின் மூளையைப் பெரிதாக்குவதற்குப் பதில் அவரைச் சுற்றி ஒரு வேலி போட்டார்கள். மூன்றாம் விளையாட்டிலேயே 'ஏற்கெனவே கட்டியவற்றை மாற்றாமல் தானே இயங்கு' என்ற கட்டளை உண்டு. 2005-இல் வந்த நான்காவதில் 'காடுகளை விட்டுவை' என்பதும் சேர்ந்தது. எதைச் செய் என்று முழுவதும் சொல்லித் தருவது கடினம். எதைச் செய்யாதே என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

சரி, வேலி போட்டாயிற்று. பகைவன் வந்தால்? 'பகைவன் இரண்டு கட்டத்துக்குள் இருந்தால் ஒரு கட்டம் பின்வாங்கு. இல்லையேல் வேலையிடம் நோக்கி ஒரு கட்டம் நட' என்று நாமே ஒரு விதி எழுதுவோம். நல்ல விதியாகத்தானே தோன்றுகிறது? கட்டம் போட்ட தாளில் ஒரு வரிசையில் 1 முதல் 9 வரை எண்ணிடுங்கள். வீடு 1-இல், வேலையிடம் 8-இல். 9-இல் ஒரு புளியங்கொட்டையைப் பகைவனாக வையுங்கள், அவன் அசையமாட்டான். வேலையாளுக்கு ஒரு நாணயம். 7-ஆம் கட்டத்தை அடைந்ததும் பகைவன் இரண்டு கட்டத் தொலைவில் இருக்கிறான். நாணயம் 6-க்குப் பின்வாங்கும். அங்கே தொலைவு மூன்று. ஆபத்தில்லை என்று மறுபடி 7-க்கு வரும். மீண்டும் 6, மீண்டும் 7. வேலையும் நடக்காது, வேலையாளும் ஓய மாட்டார். பன்னிரண்டு சுற்றுகளில் ஆறு முறை பகைவன் முகத்தில் போய் விழிப்பார்.

இந்த ஊசலாட்டம் இயற்பியலுக்குப் புதிதன்று. தானாக நின்று தானாக ஓடும் மின் இஸ்திரிப் பெட்டியில் ஓர் ஈருலோகப் பட்டை இருக்கிறது. வெப்பநிலை ஏறியதும் அது வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஒரே வெப்பநிலையில் துண்டித்து அதே வெப்பநிலையில் இணைக்குமானால், தொடர்முனை நொடிக்கு நொடி படபடத்துத் தீய்ந்துபோகும். ஆகவே துண்டிக்கும் வெப்பநிலை சற்று மேலேயும், இணைக்கும் வெப்பநிலை சற்றுக் கீழேயும் இருக்கும். இத்தகைய இடைவெளிக்கு, காந்தவியலிலிருந்து வந்த 'தயக்கம்' என்ற சொல்லையே வழங்கலாம். பொருத்தமான பெயர்!

நம் வேலையாளுக்கும் தயக்கம் கற்பிப்போம். 'இரண்டு கட்டத்துக்குள் வந்தால் பின்வாங்கத் தொடங்கு, ஐந்து கட்டத் தொலைவு ஆகும்வரை நிற்காதே, பிறகே திரும்பு.' இப்போது நாணயம் 7-இலிருந்து 6, 5, 4 எனச் சென்று, 5, 6, 7 எனத் திரும்பும். பன்னிரண்டு சுற்றுகளில் இரண்டே முறை பகைவனை நெருங்குகிறது. பகைவன் வழிப்போக்கனாக இருந்தால் இதற்குள் போயிருப்பான், வேலை தொடரும். ஆனால் நம் பகைவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். ஊசல் மெதுவாயிற்றே தவிர நிற்கவில்லை, பார்த்தீர்களா? எட்டாம் கட்டத்து வேலை இன்னும் தொடங்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு எண்ணைச் சரிசெய்து பயனில்லை. 'இரண்டு முறை திரும்பி வந்தும் வழி அடைபட்டிருந்தால் நின்று என்னைக் கூப்பிடு' என்ற வரியைத்தான் சேர்க்க வேண்டும். வீரனை அனுப்புவதா, வேலையை வேறிடத்துக்கு மாற்றுவதா என்பது உங்கள் முடிவு. செவ்வாயில் ஓடும் ஊர்திகளுக்கும் இத்தகைய வரிகள் உண்டு. ஒளிவேகத்தில் செல்லும் வானொலி அலைக்கே அங்கே போய்ச்சேர, கோள்களின் நிலையைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். கல் தடுக்கும்போதெல்லாம் பூமியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 2021-இல் இறங்கிய 'பெர்சிவியரன்ஸ்' கற்களைத் தானே கண்டு விலகிப் போகும். சாய்வு குறித்த வரம்பை மீறினாலோ, நின்று மனிதர்களுக்காகக் காத்திருக்கும்.

கூப்பிடுவதிலும் அளவு வேண்டும். 24 பேரும் வேலை முடிந்தது, நடந்து வந்தேன் என்று எதற்கெடுத்தாலும் மணியடித்தால் பழைய 80 நிமிடங்களுக்கே திரும்பிவிடுவோம். யாருமே கூப்பிடாவிட்டால் அதிலும் தொல்லை உண்டு. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்னும் உளவியலாளர் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். எளிய வேலைகளை எல்லாம் பொறி எடுத்துக்கொண்டால், மனிதருக்கு மிஞ்சுவது மிகக் கடினமான வேலை. அதைச் செய்வதற்கான பழக்கமும் அதற்குள் விட்டுப்போயிருக்கும். ஆலைகளைக் கட்டுப்படுத்துவோரை மனத்தில் கொண்டு அவர் எழுதியது விளையாட்டுக்கும் அப்படியே பொருந்தும். நூறு சுற்றுகள் வேலையாட்களைத் திரும்பிப் பாராதவருக்குத் தம் நாட்டில் எங்கே நீர் பாய்கிறது என்றே தெரியாது. போர் வந்து வயல்கள் எரியும்போது எதை முதலில் மீட்பது என்று விழிப்பார்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. வேலையையே ஒழித்துவிடுவது! மூன்றாம் விளையாட்டில் ஆலைகளின் மாசு கட்டங்களில் படியும். வேலையாட்கள் ஓயாமல் துடைக்க வேண்டும். நான்காவதில் அந்தத் துடைப்பு வேலையை எடுத்துவிட்டு, மாசை ஊரின் உடல்நலக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். யாரும் அதற்காக அழவில்லை. 2016-இல் வந்த ஆறாவதில் வேலையாளுக்குப் பதில் 'கட்டுநர்' வந்தார். அவர் எதையும் நொடியில் கட்டுவார். ஆனால் தொடக்கத்தில் மூன்றே முறைதான், பிறகு மறைந்துவிடுவார். மூன்றே வாய்ப்பு என்றதும் ஒவ்வொரு கட்டளைக்கும் மதிப்பு ஏறிவிட்டது. என் கருத்தில் இவ்வரிசையிலேயே சிறந்த மாற்றம் இது. ஆயினும் முப்பது ஊர்கள் உள்ளவருக்குக் கடைசிக் காலத்தில் இதுவும் சலிக்கும். 2025-இல் வந்த ஏழாவதில் கட்டுநரும் இல்லை. ஊர் வளரும்போது எந்தக் கட்டம் என்று நீங்கள் காட்டினால் போதும்.

புளியங்கொட்டையை எறிந்துவிடாதீர்கள். ஒரு தாயக்கட்டையை உருட்டி, ஒற்றை விழுந்தால் பகைவன் ஒரு கட்டம் வீட்டை நோக்கியும், இரட்டை விழுந்தால் ஒரு கட்டம் விலகியும் நகரட்டும். வரிசையை 15 கட்டங்களாக நீட்டிக்கொள்ளுங்கள். ஐந்து என்ற எண்ணை நான்காகவும் ஆறாகவும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது சுற்றுகள் ஆடுங்கள். வேலையிடத்தில் நாணயம் எத்தனை சுற்றுகள் நின்றது, உங்களை எத்தனை முறை கூப்பிட்டது என்று இரண்டு பத்திகளில் குறித்து வாருங்கள்.